துப்பாக்கியைக் கீழே வைத்த விளையாட்டு: வார்சோவின் '11 பிட் ஸ்டூடியோஸ்' முதிர்ந்த வரலாறு

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் விளையாடப்படும் போர் விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே கோணத்தில்தான் போரைக் காட்டுகின்றன. விளையாடுபவரின் கையில் துப்பாக்கி இருக்கும். எதிரே வருபவரைச் சுட்டு வீழ்த்தினால் புள்ளி கிடைக்கும். தான் சுடப்பட்டால் சிறிது நேரத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் விளையாடும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அவற்றில் வரும் வீடுகளில் குடும்பங்கள் இல்லை. கிணற்றடியில் தண்ணீருக்கு நிற்பவர்கள் இல்லை. எறிகணைகளுக்கு நடுவே அரிசிக்கும் மருந்துக்கும் அலைபவர்களும் இல்லை.

இந்த வழமையை மாற்றிய நிறுவனங்களுள் முக்கியமானது, போலந்தின் தலைநகர் வார்சோவில் இயங்கும் '11 பிட் ஸ்டூடியோஸ்'. 2014 ஆம் ஆண்டு இந்நிறுவனம் வெளியிட்ட 'திஸ் வார் ஒஃப் மைன்' என்ற விளையாட்டு, முற்றுகையிடப்பட்ட ஒரு நகரத்தில் சிக்கிக்கொண்ட பொதுமக்களின் பக்கத்திலிருந்து போரைக் காட்டியது. அதன் பின்னர் வந்த 'ஃப்ரொஸ்ட்பங்க்', மக்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஆட்சி செய்பவர்களின் கணக்கைக் கேட்டது. ஆனால், இந்நிறுவனம் தொடக்கத்திலேயே இவ்வாறு சிந்திக்கவில்லை. வேற்றுக்கிரகத்தவரைச் சுடும் ஒரு சாதாரண விளையாட்டில் ஆரம்பித்து, ஒன்றரைத் தசாப்தத்தில் அது எவ்வாறு மாறியது, அந்த மாற்றத்தில் எவை நிறைவேறின, எவை குறையாகவே நிற்கின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

பாக்தாத்தில் மக்கள் இல்லாத ஒரு போர்

11 பிட் ஸ்டூடியோஸின் வேர் 'மெட்ரோபொலிஸ் சொஃப்ட்வெயார்' என்ற பழைய போலந்து நிறுவனத்தில் இருக்கிறது. 1992 இல், கம்யூனிச ஆட்சி முடிந்து நாடு சந்தைப் பொருளாதாரத்துக்குள் நுழைந்த காலத்தில், அது தொடங்கப்பட்டது. நிறுவியவர்களுள் ஒருவர் கிரெகோஷ் மியெகோவ்ஸ்கி. 2008 இல், 'த விட்சர்' விளையாட்டால் புகழ்பெற்ற 'சீடி புரொஜெக்ட்' குழுமம் மெட்ரோபொலிஸை வாங்கியது. உலகப் பொருளாதார நெருக்கடி அக்குழுமத்தையும் தாக்கியபோது மெட்ரோபொலிஸின் பணிகள் நிறுத்தப்பட்டன. வேலையை இழந்தும் விலகியும் வந்தவர்கள் மியெகோவ்ஸ்கி உள்ளிட்டோரின் தலைமையில் 2010 ஆம் ஆண்டளவில் சிறிய அணியாகக் கூடி 11 பிட் ஸ்டூடியோஸை அமைத்தார்கள்.

இவர்களின் முதல் விளையாட்டு 2011 ஏப்ரலில் வெளிவந்த 'அனோமலி: வோர்சோன் ஏர்த்'. அந்தக் காலத்தில் 'கோபுரப் பாதுகாப்பு' எனப்படும் வகை மிகவும் பிரபலமாக இருந்தது. வரிசையாக வரும் எதிரிகளைக் கோபுரங்களை அமைத்துத் தடுப்பதே அதன் முறை. இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். கோபுரங்கள் வேற்றுக்கிரகத்தவருடையவை, விளையாடுபவர் கவச வாகனத் தொடரணி ஒன்றை அவற்றுக்கிடையே பாதை வகுத்து நடத்திச் செல்ல வேண்டும். யோசனை புதியது, விலை குறைவு, வேலைப்பாடும் சுத்தமானது. விளையாட்டு நன்றாக விற்பனையானது. அதன் தொடர்ச்சிகள் 2012 முதல் 2014 வரை வந்துகொண்டிருந்தன.

அந்த முதல் விளையாட்டில் தொடரணி ஓடும் தெருக்கள் பாக்தாத் நகரத்தினுடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். 2011 இல் ஈராக் உண்மையாகவே போரில் சிதைந்திருந்த நாடு. விளையாட்டுக்குள் அந்நகரம் ஒரு வரைபடம் மட்டுமே. எங்கே திரும்பலாம், எந்தக் கோபுரத்தை முதலில் தகர்க்கலாம் என்ற கணக்குக்குள் பாக்தாத்தின் மக்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இது அந்நிறுவனத்தின் தனிக்குறை அல்ல. அந்தத் தொழிலே அப்படித்தான் இருந்தது. மூன்றே ஆண்டுகளில் அதே அணி ஒரு நகரத்தின் தெருக்களை விட்டுவிட்டு, அதன் வீடுகளுக்குள் நுழைந்தது என்பதே இங்கு முக்கியமானது.

சரயேவோவிலிருந்து வந்த கேள்வி

பொஸ்னியப் போரின்போது முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு நகரத்தில் ஓராண்டு உயிர்பிழைத்திருந்த ஒருவரின் அனுபவக் கட்டுரையை மியெகோவ்ஸ்கி வாசித்ததே புதிய விளையாட்டின் தொடக்கமாக அமைந்ததென நிறுவனத்தினர் கூறியிருக்கிறார்கள். மின்சாரம், நீர், கடை, பொலிஸ் எதுவும் இல்லாத நகரத்தில் எதை எதற்கு மாற்றினார்கள், எதை எரித்து அடுப்பு மூட்டினார்கள், யாரை நம்பினார்கள் என்பதே அதன் பொருள். அதிலிருந்து பொஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகை அணியின் பிரதான ஆய்வுப்பொருளானது.

1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பெப்ரவரி வரை நீடித்த அந்த முற்றுகை சுமார் 1,425 நாட்கள் நடந்தது. சுற்றியிருந்த மலைகளிலிருந்து எறிகணைகளும் சினைப்பர் சூடுகளும் நகரத்துக்குள் விழுந்தன. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களும் சந்தையில் நின்றவர்களும் கொல்லப்பட்டார்கள். பூங்காக்களின் மரங்கள் விறகாகின. விமான நிலையத்தின் கீழே தோண்டப்பட்ட சுமார் 800 மீற்றர் நீளமான சுரங்கம் உணவுக்கும் மருந்துக்கும் வழியானது. முற்றுகை தொடங்கிய 20 ஆவது ஆண்டு நினைவாக, 2012 இல் அந்நகரின் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வெறுமையாக வைக்கப்பட்டன. கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி.

வார்சோவுக்கும் இது அந்நியமான கதையன்று. 1944 இல் நாஜிகளுக்கு எதிராக 63 நாட்கள் நடந்த எழுச்சி அந்நகரில்தான் நசுக்கப்பட்டது. அதன் பின்னர் நகரம் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்றைய வார்சோவின் பழைய நகர்ப்பகுதி, இடிபாடுகளிலிருந்து மீண்டும் கட்டப்பட்ட ஒன்று. அங்கே வளர்ந்தவர்களுக்கு நிலவறையில் ஒளிந்திருந்த பாட்டி, பாட்டன்மாரின் கதைகள் குடும்பக் கதைகளே.

2014 நவம்பர் 14 ஆம் திகதி 'திஸ் வார் ஒஃப் மைன்' வெளியானது. அதன் விளம்பரக் காணொளியில் பேசியவர், சரயேவோ முற்றுகைக்குள் சிறுவனாக வாழ்ந்து தப்பிய ஒருவர். தயாரிப்புச் செலவு இரண்டு நாட்களுக்குள் மீண்டுவிட்டதென நிறுவனம் பின்னர் அறிவித்தது. அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. களவாகத் தரவிறக்கும் தளம் ஒன்றில் இந்த விளையாட்டு பரவியபோது, நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் அதே இடத்தில் சில இலவசக் குறியீடுகளைப் பதிந்தார். பணம் இல்லாதவர்கள் இவற்றை எடுத்து விளையாடுங்கள், பிடித்திருந்தால் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள் என்பதே அவரது செய்தி. 2015 இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பார்வையாளர் விருது இதற்குக் கிடைத்தது.

பகல் ஒரு வீடு, இரவு ஒரு பை

விளையாட்டு நடக்கும் நகரம் கற்பனையானது, பெயர் பொகோரன். சிதைந்த வீடொன்றில் சில பொதுமக்கள் ஒன்றாக இருக்கிறார்கள். ஒருவர் உதைபந்தாட்ட வீரர், ஒருவர் சமையற்காரர், ஒருவர் தீயணைப்பு வீரர், ஒருவர் சட்டத்தரணி, ஒருவர் முதிய கணிதப் பேராசிரியர். எந்தப் பக்கம் சரி, போர் ஏன் வந்தது என்பதெல்லாம் விளையாடுபவருக்குச் சொல்லப்படுவதில்லை. எத்தனை நாட்களில் அது முடியும் என்பதும் தெரியாது.

பகலில் சினைப்பர்களால் வெளியே இறங்க முடியாது. வீட்டுக்குள் அடுப்பு, கட்டில், மழைநீரை வடிகட்டும் கருவி, எலிப்பொறி என ஒவ்வொன்றாகச் செய்துகொள்ள வேண்டும். இரவில் ஒருவர் மாத்திரம் வெளியே போகலாம். மற்றவர்கள் காவல் இருக்க வேண்டும் அல்லது நித்திரை கொள்ள வேண்டும். போகிறவரின் பையில் இடம் குறைவு. மருந்தை எடுப்பதா, விறகை எடுப்பதா, தகரப் பேணியில் அடைத்த உணவை எடுப்பதா என்ற முடிவிலேயே அடுத்த நாள் தங்கியிருக்கிறது. வீட்டில் இருக்கும் புத்தகங்களை வாசித்து மனதை ஆற்றலாம்; குளிர் முற்றினால் அவற்றையே அடுப்பில் போட்டு எரிக்கலாம்.

இந்த விளையாட்டை விளையாடிய பெரும்பாலானோர் மறக்காமல் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஒரு வயோதிபத் தம்பதியினர் தனியாக வாழும் அமைதியான வீடு அது. அவர்களிடம் ஆயுதம் இல்லை, எதிர்க்க மாட்டார்கள். உணவும் மருந்தும் நிறைய இருக்கின்றன. எடுத்துச் செல்பவரின் பின்னால் அந்தக் கிழவர் மன்றாடிக்கொண்டே வருவார். எடுத்துவந்தால் உங்கள் வீட்டில் காய்ச்சலாய்க் கிடப்பவர் பிழைப்பார். ஆனால், போய் வந்தவர் மறுநாள் வேலை செய்யாமல் சோர்ந்து கிடப்பார். மற்றவர்களும் அதைப் பற்றியே பேசுவார்கள். சில இரவுகளின் பின்னர் அதே வீட்டுக்குப் போனால் இருவரும் இறந்து கிடப்பார்கள். தண்டனைப் புள்ளி எதுவும் விளையாட்டு வழங்குவதில்லை. செய்ததன் விளைவை மட்டும் காட்டிவிட்டு நகர்கிறது.

மனநிலையைப் பசி, காயம், நோய் ஆகியவற்றுக்குச் சமமான ஓர் உடல்நிலையாக இந்த விளையாட்டு கணக்கில் எடுத்தது. கவலை முற்றியவர் வீட்டைவிட்டுப் போய்விடலாம், தன்னுயிரையும் மாய்த்துக்கொள்ளலாம். மாறாக, தாயின் நோய்க்கு மருந்து கேட்டுக் கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு உதவினால், பையில் குறைந்தாலும் வீட்டிலுள்ளவர்களின் மனம் தேறும். உதவி செய்வதும் உயிர்பிழைத்தலின் ஒரு பகுதி என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன விளையாட்டுகள் குறைவு.

எங்கள் வாசகர்களுக்கு இதன் பல காட்சிகள் விளக்கம் தேவைப்படாதவை. 1990 இன் பின்னர் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எனப் பலவும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும், ஜாம் போத்தலில் திரியிட்டு மண்ணெண்ணெய்யைச் சொட்டுக் கணக்கில் எரித்துப் படித்தவர்களும், மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் இன்னமும் இருக்கிறார்கள். இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்துகொள்ளும் அந்த அறிவு, உலகின் எந்த முற்றுகையிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

அதேவேளை, இந்த விளையாட்டு சொல்லாதவையும் எங்களுக்கு உடனே தெரியும். பொகோரன் மக்களுக்கு ஒரு கூரை இறுதிவரை இருக்கிறது. மூட்டை முடிச்சுகளோடு ஊர் ஊராய் நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் பதுங்குகுழி வெட்டும் இடப்பெயர்வு அதில் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடுவது இல்லை. போர் முடிந்த மறுநாள் தொடங்கும் நீண்ட காலமும் இல்லை. ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று எனச் சில வரிகளில் கூறி அது முடிந்துவிடுகிறது. போரை மழை, வெயில் போல யாரும் பொறுப்பில்லாத ஒன்றாகக் காட்டுகிறது என்ற விமர்சனமும் நியாயமானதே. பெயர் சொல்லாததால் எல்லா நாட்டவரும் அதில் தம்மைக் காண முடிகிறது. அதே காரணத்தால் எவரும் பொறுப்புக் கூற வேண்டியதும் இல்லாமல் போகிறது.

வெற்றிக்குப் பின்னர் செய்த வேலை

ஒரு விளையாட்டு விற்றுத் தீர்ந்ததும் அதன் தொடர்ச்சியை அவசரமாக வெளியிடுவது இத்தொழிலின் வழக்கம். 11 பிட் ஸ்டூடியோஸ் இரண்டாம் பாகம் ஒன்றை வெளியிடாமல், முதலாவதையே பல ஆண்டுகள் தொடர்ந்து செப்பனிட்டது. 2015 மார்ச்சில், தெரு ஓவியர்களின் படைப்புகளை விளையாட்டின் சுவர்களில் சேர்க்கும் இணைப்பொன்றை வெளியிட்டு, அதன் வருமானத்தைப் போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக இயங்கும் 'வோர் சைல்ட்' தொண்டு நிறுவனத்துக்கு வழங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கைத்தொலைபேசிக்கான பதிப்பு வந்தது.

2016 ஜனவரியில் வந்த 'த லிட்டில் வன்ஸ்' பதிப்பு சிறுவர்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சிறுவர்கள் இரவில் வெளியே போக மாட்டார்கள், சண்டையிட மாட்டார்கள். அவர்களோடு விளையாட வேண்டும், விளையாட்டுப் பொருள் செய்துகொடுக்க வேண்டும், சிறுசிறு வேலைகளைக் கற்றுக்கொடுக்கலாம். பெரியவர்கள் சோர்ந்து விழும் வீட்டில் குழந்தை சுவரில் சித்திரம் வரைந்துகொண்டிருக்கும். 2017 முதல் 2019 வரை மூன்று தனிக்கதைகள் சேர்க்கப்பட்டன. ஒன்றில் ஒரு தந்தை மகளைத் தேடுகிறார். இன்னொன்றில் ஒரு வானொலி அறிவிப்பாளர், உண்மையைச் சொன்னால் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்ற நிலையில் நிற்கிறார். மூன்றாவது, உயிரைக் காப்பதா, ஓர் இனத்தின் கலைச் செல்வத்தைக் காப்பதா என்று கேட்கிறது. 2019 நவம்பர் 14 ஆம் திகதி, சரியாக ஐந்தாவது ஆண்டு நிறைவில், இறுதித் திருத்தப் பதிப்பு வெளியானது.

2020 ஜூனில் போலந்துப் பிரதமராக இருந்த மத்தேயுஷ் மொராவியெட்ஸ்கி, இந்த விளையாட்டு நாட்டின் பாடசாலைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்க்கப்படுவதாக அறிவித்தார். வரலாறு, சமூகவியல், ஒழுக்கவியல், மெய்யியல் ஆகிய பாடங்களுக்குத் துணைப்பொருளாக இலவசமாக வழங்கப்பட்டது. வயதுவந்தோருக்கான தரப்படுத்தல் இருப்பதால் 18 வயது நிரம்பிய மாணவர்களுக்கே அது உரியது. நாவலும் திரைப்படமும் நிற்கும் வரிசையில் ஒரு விளையாட்டை அரசு வைத்தது அப்போது உலகளவில் கவனம் பெற்றது.

2022 பெப்ரவரி 24 ஆம் திகதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. போலந்துக்கு உக்ரைன் அயல்நாடு. அகதிகள் எல்லையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஏழு நாட்களில் 'திஸ் வார் ஒஃப் மைன்' விற்பனையில் கிடைக்கும் இலாபம் முழுவதும் உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் செல்லும் என நிறுவனம் உடனடியாக அறிவித்தது. சேர்ந்த தொகை சுமார் 850,000 அமெரிக்க டொலர். விளையாட்டுக்குள் யார் பக்கம் சரி என்று சொல்லாமல் விட்டவர்கள், வெளியே தம் நிலைப்பாட்டை மறைக்கவில்லை.

அகதியிலிருந்து ஆட்சியாளருக்கு

2018 ஏப்ரல் 24 ஆம் திகதி வெளியான 'ஃப்ரொஸ்ட்பங்க்', நிறுவனத்தின் அடுத்த பெரிய அடி. கற்பனையான 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகம் பனியில் உறைந்துவிடுகிறது. தப்பிவந்த சில பத்துப்பேர், ஒரு பெரிய நிலக்கரி வெப்ப இயந்திரத்தைச் சுற்றி நகரம் அமைக்கிறார்கள். விளையாடுபவர் அவர்களின் தலைவர். முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே இரண்டரை இலட்சம் பிரதிகள் விற்பனையாகின.

இங்கே முக்கியமானது சட்டப் புத்தகம். நிலக்கரி போதவில்லையென்றால் சிறுவர்களை வேலைக்கு அனுப்பும் சட்டத்தில் கையொப்பமிடலாம். உணவு போதவில்லையென்றால் அதில் மரத்தூள் கலக்கலாம். ஒருவரை 24 மணிநேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம். ஒவ்வொரு சட்டத்துக்கும் நல்ல காரணம் இருக்கும். ஒவ்வொன்றும் தற்காலிகமாகவே தோன்றும். நம்பிக்கை குறைந்து மக்கள் நகரத்தைவிட்டுப் போக நினைக்கும்போது, 'ஒழுங்கு', 'விசுவாசம்' என்ற இரண்டு பாதைகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒழுங்கின் பாதை காவல் நிலையத்தில் தொடங்கிப் பிரசார நிலையம், சிறைச்சாலை வழியாகப் போகிறது. விசுவாசத்தின் பாதை பிரார்த்தனை மண்டபத்தில் தொடங்குகிறது. இரண்டின் முடிவிலும் கேள்வி கேட்க முடியாத ஓர் ஆட்சி நிற்கிறது.

இறுதிப் புயலைக் கடந்து நகரம் பிழைத்ததும், நீங்கள் இயற்றிய சட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன. இத்தனையையும் செய்து பிழைத்தது தகுந்ததா எனக் கேட்டு விளையாட்டு முடிகிறது. 'மக்களின் பாதுகாப்புக்காக' என்ற சொல்லின் பெயரில் என்னென்ன செய்யப்படும் என்பதை அவசரகாலச் சட்டங்களின் கீழ் தசாப்தங்கள் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முந்தைய விளையாட்டில் அத்தகைய முடிவுகளின் விளைவை அனுபவித்தவர், இதில் அந்த முடிவுகளை எடுப்பவராக அமர்த்தப்படுகிறார். ஒரே அணி, ஒரே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறது.

2024 செப்டெம்பர் 20 ஆம் திகதி வந்த 'ஃப்ரொஸ்ட்பங்க் 2' அந்தக் கேள்வியை இன்னொரு படி நகர்த்தியது. 30 ஆண்டுகள் கழிந்துவிட்டன. பழைய தலைவர் இறந்துவிட்டார். நகரத்தில் இப்போது 100 பிரதிநிதிகள் கொண்ட சபை இருக்கிறது. எந்தச் சட்டமும் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். வெல்வதற்கு ஓர் அணிக்கு வாக்குறுதி கொடுக்க வேண்டும். கொடுத்ததை நிறைவேற்றாவிட்டால் அவர்கள் வீதிக்கு இறங்குவார்கள். நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்திருக்கிறது. பனியைவிட நகரத்துக்குள் இருக்கும் பிளவே பெரிய ஆபத்து. முதல் சில நாட்களில் 350,000 பிரதிகள் விற்றபோதும், தனிமனிதர்களின் முகங்கள் இதில் தூரமாகிவிட்டன என்று பழைய இரசிகர்கள் பலர் குறைப்பட்டார்கள். ஆட்சி பெரிதாகும்போது மனிதர் புள்ளியாகிவிடுவதைக் காட்ட விரும்பியிருக்கலாம். எனினும் அக்குறையில் உண்மை உண்டு.

மற்றவர்களின் கதைகளுக்கு இடம்

வருமானம் பெருகியபோது இந்நிறுவனம் சிறிய அணிகளின் விளையாட்டுகளைப் பதிப்பிக்கவும் தொடங்கியது. ஸ்பெயின் அணியொன்றின் 'மூன்லைட்டர்' 2018 இலும், ஈரானியர்கள் உருவாக்கிய அணியொன்றின் 'சில்ட்ரன் ஒஃப் மோர்ட்டா' 2019 இலும் வந்தன. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம்மின் நாவலைத் தழுவிய 'த இன்வின்சிபிள்' 2023 இல் வந்தது. 2024 இல் வெளியான 'த தோமதேர்ஜ்', ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குக் கீழ் இருந்த 1905 ஆம் ஆண்டு வார்சோவில் நடக்கிறது. அதே ஆண்டில் வந்த 'இண்டிகா'வை உருவாக்கியவர்கள், உக்ரைன் போரின் பின்னர் ரஷ்யாவைவிட்டு வெளியேறிக் கசகஸ்தானில் தங்கியவர்கள். போரை எதிர்த்த போலந்து நிறுவனம், போரை ஏற்காது நாட்டைவிட்டு வந்த ரஷ்யர்களின் படைப்பை வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

வளர்ச்சியின் விலை

வார்சோ பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்ற வகையில், முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பும் இதன் மீது இருக்கிறது. 2018 முதல் உருவாகி வந்த பெரிய திட்டமொன்றை 2024 டிசெம்பரில் நிறுவனம் கைவிட்டது. அதில் பணியாற்றியவர்களில் ஒரு பகுதியினர் வேறு அணிகளுக்கு மாற்றப்பட, மற்றவர்கள் வேலை இழந்தார்கள். வேலையிழந்தவர்களால் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்துக்கும் அந்த நாள் வந்தது.

2025 ஜூன் 13 ஆம் திகதி 'தி ஓல்டர்ஸ்' வெளியானது. வேற்றுக்கிரகமொன்றில் தனியே எஞ்சிய ஜான் டொல்ஸ்கி என்ற தொழிலாளி, வாழ்க்கையில் வேறு முடிவுகளை எடுத்திருந்தால் தான் யாராக இருந்திருப்பேனோ அந்த மனிதர்களைப் பிரதிகளாக உருவாக்கி, அவர்களின் உதவியோடு தப்ப முயல்கிறார். ஊரைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால், அன்று அந்தப் பாதையால் போயிருந்தால் என்று நினைத்து இரவுகளைக் கழித்தவர்களுக்கு இக்கதை நெருக்கமானது. விமர்சகர்கள் பெரிதும் பாராட்டினார்கள்.

ஆனால், அதே மாதத்தில், விளையாட்டுக்குள் ஒரு திரையில் செயற்கை நுண்ணறிவு எழுதிய வாசகம் அப்படியே கிடப்பதை விளையாடியவர்கள் கண்டுபிடித்தார்கள். சில மொழிகளின் வசன மொழிபெயர்ப்பிலும் இயந்திரத்தின் கை இருந்தது. இது முன்கூட்டியே அறிவிக்கப்படவில்லை. தற்காலிகமாக வைத்த வாசகம் தவறுதலாக நீக்கப்படாமல் போனதாகவும், கடைசி நேரத்தில் சேர்த்த காணொளிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தியதாகவும், இதனை முன்பே தெரிவித்திருக்க வேண்டும் என்றும் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. மனிதத் தெரிவுகளின் பொறுப்பைப் பற்றியே பேசிவந்த நிறுவனம் என்பதால் விமர்சனம் கடுமையாக இருந்தது.

முதலாவது 'ஃப்ரொஸ்ட்பங்க்'கைப் புதிய தொழில்நுட்பத்தில் மீள உருவாக்கும் 'ஃப்ரொஸ்ட்பங்க் 1886', 2027 ஆம் ஆண்டுக்கெனத் தற்போது அறிவிக்கப்பட்டிருக்கிறது.

விளையாட விரும்புவோருக்கு

'திஸ் வார் ஒஃப் மைன்' சாதாரண கணினியிலும் நடுத்தரக் கைத்தொலைபேசியிலும் இயங்கக்கூடியது. 'ஃப்ரொஸ்ட்பங்க்' தொடருக்கு ஓரளவு வலுவான கணினி தேவை. இவை சிறுவர்களுக்கானவை அல்ல. பட்டினி, பாலியல் வன்முறை அச்சுறுத்தல், தற்கொலை ஆகியவை 'திஸ் வார் ஒஃப் மைன்' விளையாட்டில் வருகின்றன. போரின் காயம் ஆறாதவர்கள், எறிகணைச் சத்தம் கேட்டால் உடல் நடுங்குபவர்கள், இதனைத் தவிர்ப்பதே நல்லது. அவர்கள் அறியாத எதையும் இது சொல்லப்போவதில்லை.

போருக்குப் பின்னர் பிறந்து வளர்ந்திருக்கும் தலைமுறையின் நிலை வேறு. தாயும் தகப்பனும் வாய்திறந்து சொல்லாத ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்பதை அவர்கள் இங்கே ஓரளவு உணரலாம். உணர்ந்த பின்னர் விளையாட்டை மூடிவைத்து, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம். விளக்கு எப்படி எரித்தீர்கள், அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற சின்னக் கேள்வி போதும். பெரிய கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்குபவர்களும் அதற்குப் பதில் சொல்வார்கள். பொகோரனில் இல்லாத இடப்பெயர்வையும், போர் முடிந்த பின்னான காலத்தையும் அவர்களிடமிருந்தே கேட்டறிய வேண்டும்.